சவுக்கு பிடித்தவரை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்?

இணையத்தில் சுற்றுகிற ஒரு பழைய சர்க்கஸ் புகைப்படத்துக்குக் கீழே வந்த கமெண்டுகளைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. சிங்கக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒருவர் சவுக்கோடு நிற்கிற படம். அந்த மனிதரைக் 'கொடூரன்' என்கிறீர்கள். 'இவனைப் பிடித்து உள்ளே அடைக்கணும்' என்ற கமெண்டுக்கு அத்தனை லைக். அவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது.

சர்க்கஸில் சிங்கம், புலி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இவற்றைப் பழக்கி வித்தை காட்டக் கூடாது என்று 1998இல் மத்திய அரசு அறிவித்தது சரி. சர்க்கஸ்காரர்கள் வழக்குப் போட்டு 2001இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றதும் சரிதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. டிக்கெட் வாங்கியது யார்?

விஷ்ணுபந்த் சத்ரே 1880இல் பம்பாயில் இந்தியர்களின் முதல் சர்க்கஸைத் தொடங்கினார். கேரளத்துத் தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் வித்தைக்கு ஆட்களைப் பழக்கி அனுப்பினார். அன்றிலிருந்து நூறு வருஷத்துக்கு மேல் ஊர் ஊராகக் கூடாரம் போட்டார்கள் என்றால், ஊர் ஊராகக் கூட்டம் வந்திருக்கிறது. போஸ்டரில் சிங்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தானே பிள்ளைகளைக் கூட்டிப் போனோம்? கைதட்டியது நாம். கொடூரன் மட்டும் அவரா?

என் பெரியப்பா ஒரு சர்க்கஸில் கூண்டு பார்த்தவர், அதனால்தான் இந்தக் கோபம். எருமைக்கறி வந்து இறங்கியதும் எலும்புச் சில்லு இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்துத்தான் உள்ளே போடுவார். வாரத்தில் ஒருநாள் சிங்கத்துக்குப் பட்டினி. அன்றைக்குக் கூண்டுப் பக்கம் யாரையும் அண்ட விடமாட்டார். மழை பிடித்தால் தன் தார்ப்பாயை உருவிக் கூண்டுக்குக் கட்டிவிட்டு நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். சம்பளம் வராத மாதத்திலும் கறி வந்தாக வேண்டும் என்று மேனேஜரோடு மல்லுக்கு நிற்பார்.

'அன்பாகப் பார்த்துக்கொண்டால் கூண்டு கூண்டில்லாமல் போய்விடுமா?' என்று கேட்பீர்கள். போகாது. 'சவுக்கடி இருந்ததே?' இருந்தது. பெரியப்பாவே சொல்லியிருக்கிறார், அதைச் சொல்லும்போது அவர் முகம் போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இதையெல்லாம் எழுதுகிறவர்கள் கோயில் யானைக்கு முன்னால் என்ன செய்கிறார்கள்? காலில் சங்கிலி, கீழே சிமென்ட் தரை. தும்பிக்கையில் பத்து ரூபாய் வைத்துத் தலையைக் குனிகிறோம். ஆசீர்வாதம் பண்ணவா அது பிறந்தது? 1998 பட்டியலில் யானை இல்லை. அதைப் பற்றி ஒரு கமெண்டும் காணோம். 'அது பக்தி, இது வியாபாரம்' என்று வராதீர்கள். சங்கிலிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

தடைக்குப் பிறகு சிங்கங்களை லாரியில் ஏற்றி மறுவாழ்வு மையங்களுக்கு அனுப்பினார்கள். நம் வண்டலூரிலும் ஒரு மையம் வந்தது. நல்ல காரியம். கூண்டு பார்த்த ஆட்களுக்கு என்ன செய்தோம்? பெரியப்பா ஒரு மையத்தில் போய் வேலை கேட்டார். 'என்ன படித்திருக்கிறீர்கள்?' என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். சிங்கம் படுத்திருக்கிற விதத்தைப் பார்த்தே அதற்கு என்ன நோவு என்று சொல்லக்கூடிய மனிதர், சாகிறவரை கார்களுக்கு விசில் ஊதி வழிகாட்டிக்கொண்டிருந்தார்.