சிசிஐஇ கஷ்டமாக இருக்கட்டும், ஆனால் எதில்?

நெட்வொர்க் எஞ்சினியர்களுக்குச் சிஸ்கோ கம்பெனி வைக்கிற சிசிஐஇ சான்றிதழ் தேர்வின் செய்முறைப் பகுதியை, அதாவது லேபை, இன்னும் கொஞ்சம் சுலபமாக்கலாமே என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அதே தேர்வுக்குத் தயாராகிற ஒரு பையனுக்கு இன்று ஆகிற செலவைக் கூட்டிப் பார்த்தால் அந்தக் கோபம் அப்படியே சிஸ்கோ பக்கம் திரும்பிவிடும். இரண்டுமே எனக்கு நிஜம்தான்.

சிஸ்கோ இதை ஆரம்பித்தது 1993-ல். பாஸ் செய்கிறவர்களுக்குக் கொடுக்கும் எண் வரிசை 1024-ல் தொடங்கியது. அந்த முதல் எண்ணை ஆளுக்குக் கொடுக்காமல் லேப் அறைக்கே கொடுத்துவிட்டார்கள்! தேர்வெழுதி முதலில் பாஸ் செய்த டெர்ரி ஸ்லாட்டரிக்கு 1026. 2001 வரை இரண்டு நாள் தேர்வு. நீங்கள் கட்டிய நெட்வொர்க்கில், நீங்கள் இல்லாத நேரம் பார்த்து, தேர்வை நடத்தும் பிராக்டர் கோளாறுகளைச் செருகி வைப்பார். திரும்பி வந்து கண்டுபிடிக்க வேண்டும். இப்போது ஒரே நாள், எட்டு மணி நேரம். என்டர்பிரைஸ் பிரிவில் முதல் மூன்று மணி நேரம் டிசைன், அதில் விட்ட கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. மீதி ஐந்து மணி நேரம் கட்டுவது, சரி பார்ப்பது, பழுது நீக்குவது.

உள்ளே என்ன மாதிரி கஷ்டம் என்பதற்கு ஒரு பழைய உதாரணம். இரண்டு ரூட்டருக்கு நடுவில் ஓஎஸ்பிஎஃப், அதாவது ரூட்டர்கள் பாதை விவரத்தைப் பரிமாறிக்கொள்ளும் முறை, ஏறவில்லை. மறு பக்கம் எட்டுகிறதா என்று தட்டிப் பார்க்கும் பிங் போகிறது. ஏரியா சரி, டைமர் சரி, பாஸ்வேர்ட் சரி. நெய்பர் உறவு மட்டும் எக்ஸ்ஸ்டார்ட் என்கிற பாதிக் கட்டத்திலேயே நிற்கிறது. பார்த்தால் ஒரு பக்கம் எம்டியூ, அதாவது ஒரே பாக்கெட்டில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவு, 1500 பைட், மறு பக்கம் 1400. சிஸ்கோ ரூட்டரில் சாதாரண பிங் வெறும் 100 பைட், அது பாட்டுக்குப் போய்விடும். ஆனால் ஓஎஸ்பிஎஃப் தன் டேட்டாபேஸ் விவரத்தை அனுப்பும் பாக்கெட்டில் எம்டியூவையும் எழுதி அனுப்பும். தன்னுடையதைவிடப் பெரிய எண்ணைப் பார்த்த ரூட்டர் அந்தப் பாக்கெட்டையே தூக்கிப் போட்டுவிடும். எம்டியூ இக்னோர் என்று ஒரு வரி தட்டினால் தீர்ந்தது. கேள்வியில் அந்த வரியைப் போடக் கூடாது என்று இருந்தால்?

தனியாகப் பார்த்தால் இதற்குக் கீழ்ப்படியான சிசிஎன்பி படித்த யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். பிஜிபி, எம்பிஎல்எஸ், டிஎம்விபிஎன் என்று இன்னும் எத்தனையோ தலைவலிக்கு நடுவில், கடிகாரம் ஓடும்போது கண்டுபிடிப்பதுதான் பரீட்சை. ஒரு கேள்வியில் ஐந்து நிபந்தனை இருந்து நாலை முடித்தாலும் அதற்கு மார்க் கிடையாது. இதை அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு டேட்டா சென்டர் லிங்க் விழுந்து, கஸ்டமர் பக்கத்திலிருந்து பத்துப் பேர் பிரிட்ஜ் காலில், அதாவது எல்லாரும் சேர்ந்த ஒரே போன் லைனில், மூச்சு விடுவது கேட்கிறபோது, எண்பது சதவீதம் சரி செய்துவிட்டேன் சார் என்று யாரிடம் சொல்வது?

வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். எழுத்துத் தேர்வுக்கு 400 டாலர், லேபுக்கு 1600 டாலர். லேப் ஒன்றுக்கே நம் ஊர்க் காசில் ஒரு லட்சத்துக்கு மேல். பெயிலானால் மறுபடி முழுசாகக் கட்ட வேண்டும். சரி, பெரிய தேர்வு, பெரிய ஃபீஸ் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக்கு எங்கே போவது? ரூட்டிங் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய சர்வரில், ரூட்டர்களை சாஃப்ட்வேராகவே ஓட்ட உதவும் ஈவ்-என்ஜி போட்டு ஓட்டிவிடலாம். 2020 பிப்ரவரியில் பாடத்திட்டம் மாறி, நெட்வொர்க்கை ஒரே இடத்திலிருந்து சாஃப்ட்வேரால் நடத்தும் எஸ்டி-ஆக்சஸ் உள்ளே வந்ததே, அதற்கு வேண்டிய கேட்டலிஸ்ட் சென்டர் என்கிற கட்டுப்பாட்டு சாஃப்ட்வேரை வீட்டில் ஓட்டிப் பாருங்கள். தனிப் பெட்டி இல்லாமல், சர்வருக்குள் விஎம்மாகப் போட்டாலே 256 ஜிபி ராம் கேட்கிறது. பெரிய ஐடி கம்பெனியில் இருப்பவனுக்கு ஆபீஸ் லேபில் கிடைத்துவிடும். கோயம்புத்தூரில் சின்ன ரீசெல்லரிடம் ஸ்விட்ச் மாட்டுகிற தம்பி என்ன செய்வான்? அவன் மண்டையில் குறை எதுவும் இல்லை, அவனுக்குக் கிடைக்கும் ராமில்தான் குறை.

அங்கேதான் திருட்டுக் கேள்வி-பதிலை விற்கும் டம்ப்ஸ் வியாபாரி நுழைகிறான். "ரியல் லேப் வொர்க்புக், பாஸ் கேரண்டி." பெயிலானால் ஒரு லட்சம் போச்சு என்கிற பயம்தான் அவனுக்கு முதலீடு. சிஸ்கோவின் பார்ட்னர் அந்தஸ்துக்கு சிசிஐஇ ஆள் கணக்குக் காட்ட வேண்டிய கம்பெனிகளுக்கும் எண் இருந்தால் போதும், எப்படி வந்தது என்று கேட்பதில்லை. அப்படி வந்தவர்களை இன்டர்வியூவில் பார்த்திருக்கிறேன். கான்ஃபிக் கடகடவென்று வரும். பாதைகளை வடிகட்டும் இந்த ரூட்-மேப் இங்கே எதற்கு, எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்றால் பேந்தப் பேந்த முழிப்பார்கள். எழுத்துத் தேர்வை மட்டும் முடித்துவிட்டு ரெஸ்யூமேவில் "சிசிஐஇ ரிட்டன்" என்று போடுகிறவர்கள் தனி ரகம். அப்படி ஒரு சான்றிதழே கிடையாது சாமி.

டம்ப்ஸ் வாங்குகிறவனை நியாயப்படுத்தவில்லை. திருட்டு திருட்டுதான். ஆனால் நேர்வழியில் போகிறவனுக்குக் கதவைச் சாத்திவிட்டு, ஏன் சுவரேறிக் குதிக்கிறாய் என்று மட்டும் கேட்டால் எப்படி?

சிஸ்கோ பயிற்சி லேபைத் தனியாகக் காசுக்கு விற்கிறது. லேப் தேதி பதிவு செய்து 1600 டாலர் கட்டியவனுக்கு அதில் ஒரு மாத அனுமதியை அந்தக் காசுக்குள்ளேயே சேர்த்துக் கொடுக்கட்டும். கேள்வித்தாளில் ஒரு இம்மி குறைக்க வேண்டாம். வேண்டுமானால் பழையபடி அந்தப் பிராக்டரையும் கூப்பிட்டுக்கொள்ளட்டும்.