600 ரூபாய் டிக்கெட்டும் ஒரு மணி நேர மாமல்லபுரமும்

டிசம்பர் பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து சென்னை போய்த் திரும்புகிறவர்களிடம் ஒரு புகார் தவறாமல் கேட்கிறது. மாமல்லபுரத்தில் இந்தியர்களுக்கு 40 ரூபாய், நம் சிவப்புப் பாஸ்போர்ட்டுக்கு 600 ரூபாய். "நாமும் தமிழர்தானே, நமக்கே இந்த விலையா?" என்று கொதிக்கிறார்கள்.

எனக்கு அந்தக் கொதிப்பு புரியவில்லை. 600 ரூபாய் பத்து சிங்கப்பூர் வெள்ளிகூட வராது. மண்டாய் விலங்குத் தோட்டத்துக்கு அதைப் போலப் பல மடங்கு கொடுக்கிறோம், வாயே திறப்பதில்லை. கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் இரண்டுக்கும் சேர்த்து அந்த ஒரே டிக்கெட்தான்.

என் ஆதங்கம் நேரத்தைப் பற்றி. தி.நகர் புடவைக் கடைகளுக்கு முழுதாக இரண்டு நாள் ஒதுக்குகிறவர்கள் மாமல்லபுரத்துக்கு ஒரு மணி நேரம்தான் தருகிறார்கள். அதுவும் முதலைப் பண்ணையோடு சேர்த்து ஒரு நாள் பேக்கேஜில். வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குகிற மாதிரி ஒரு படம், ஓர் இளநீர், அப்புறம் ஏசி வண்டி. சரி, எதைப் பார்த்தீர்கள்?

ஐந்து ரதத்தையே எடுத்துக்கொள்வோம். ரதம் என்பதும் பாண்டவர் பெயர்களும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை. பல்லவர் காலத்தில், ஏழாம் நூற்றாண்டில், பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்த கோயில்கள் இவை. பீம ரதத்தின் முன்னால் ஐந்து நிமிடம் நின்றாலே அது தெரியும். கூரை வேலை முடிந்திருக்கும், கீழே உளி பாதியில் நின்றிருக்கும். முழுதாக முடித்திருந்தால் எப்படிச் செய்தார்கள் என்று நமக்குத் தெரிந்திருக்காது. திரௌபதி ரதம் அச்சு அசலாக ஒரு கூரை வீடு. ஓலையும் மரமும் பழகிய கை கல்லுக்கு மாறிய தடம் அதில் இருக்கிறது. நகுல சகாதேவ ரதத்தின் பின்பக்கம் யானையின் பின்புறம்போல வளைவாக இருக்கும், தூங்கானை மாடம் என்பார்கள். அதன் பக்கத்திலேயே ஒரே கல்லில் பெரிய யானை ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் யானையின் பின்புறமும் கோயிலின் பின்புறமும் அருகருகே கண்ணில் படும். சிற்பி வேண்டுமென்றே செய்த குறும்பு என்றுதான் நான் நம்புகிறேன்.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும் என்பேன். நம் ஆற்று முகத்துவாரத்தில் எழுத்துப் பொறித்த பெரும்பாறை ஒன்று இருந்தது. 1843-ல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை. ஒரு கல்லை இழந்த ஊர்க்காரர்கள் நாம். ஊரே கல்லாக நிற்கும் இடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது நியாயமா?

ஓர் இரவு தங்குங்கள். காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறார்கள், வெயிலுக்கு முன் ரதங்களைப் பார்த்துவிடலாம். மகிடாசுரமர்த்தினி குகையில் ஒரு சுவரில் சிங்கத்தின் மேல் போருக்குப் பாயும் துர்க்கை, எதிர்ச்சுவரில் பாம்பணையில் பள்ளிகொண்ட திருமால். இரண்டுக்கும் நடுவில் நின்று பாருங்கள். கடற்கரைக் கோயிலை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது குடைந்ததில்லை, பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில் கல்லை அடுக்கிக் கட்டியது. அந்த வேறுபாடும் ரதங்களைப் பார்த்த பிறகுதான் உறைக்கும்.

"பிள்ளைகளுக்குப் போரடிக்குமே" என்பவர்களுக்கு ஒன்று. அர்ச்சுனன் தபசு என்ற பெரிய புடைப்புச் சிற்பம் தெருவோரப் பாறையிலேயே இருக்கிறது. எல்லாரும் பெரிய யானையைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதன் தந்தத்துக்கு முன்னால் தேடச் சொல்லுங்கள்: முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது ஒரு ருத்திராட்சப் பூனை, அதைச் சுற்றி எலிகள். தவசி வேடம் போட்டு எலிகளை ஏமாற்றிய அந்தப் பூனைக் கதையைப் பாட்டியிடம் கேட்ட பிள்ளை கண்டுபிடித்துவிடும். கேட்காத பிள்ளைக்கு அங்கேயே நின்று சொல்லுங்கள், டிரைவர் காத்திருக்கட்டும்.