எல்லாப் பழியையும் வெயில் மேல் போடாதீங்க

பவளப்பாறை அழியுதுன்னு பேச்செடுத்தாலே நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ரெண்டு பதில் ரெடியா இருக்கும். அது ராமநாதபுரம், தூத்துக்குடிக்காரங்க பாடு, நமக்கென்ன என்பது ஒன்று. கடலே சூடாகுது, நாம என்ன செய்ய முடியும் என்பது இன்னொன்று.

சூடாவது உண்மைதான். பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடுவது நுண்பாசிகள். கோடையின் வழக்கமான சூட்டைவிடத் தண்ணீர் ஒரு டிகிரி கூடி, அப்படியே சில வாரம் நின்றால் அவை வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப் பட்டினி கிடந்து சாகும். 2016இல் மன்னார் வளைகுடாவிலும் 2024இல் லட்சத்தீவிலும் பவளங்கள் இப்படித்தான் வெளுத்தன.

ஆனால் மன்னார் வளைகுடாவில் வெயிலுக்கு முன்னால் போனது கடப்பாரை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல வருஷம் பவளத்தைப் பெயர்த்துப் படகு படகாக அள்ளினார்கள், அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டன. 2001இல் பவளத்தை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், அப்புறம் சுனாமி வந்து ஊர்க்காரர்களுக்கே பயம் காட்டியது, 2005 வாக்கில் வெட்டுவது ஏறக்குறைய நின்றேவிட்டது. நிறுத்த முடிந்தது இல்லையா?

சரி, நம்ம கடலுக்கு வருவோம். மன்னார் வளைகுடா மாதிரித் தொடர்ச்சியான பவளத்திட்டு இங்கே இல்லை, பார் என்று நாங்கள் சொல்லும் கடலடிப் பாறைகளின் மேல் அங்கங்கே ஒட்டி வளர்ந்ததுதான். என் சித்தப்பா குளச்சல் பக்கம் சிப்பி எடுக்க முங்குகிறவர். "மக்கா, பாருல இப்ப மீனைவிட வலைதான் கூடுதல்" என்பார். பாரில் மாட்டிய நைலான் வலையை இழுத்துப் பார்ப்பார்கள், வராவிட்டால் அறுத்துவிட்டு வருவார்கள். அது மக்காது. அலைக்கு அலை ஆடிப் பவளத்தின் கிளையை உரசி ஒடிக்கும், மேலே மூடிக் கிடந்தால் வெளிச்சத்தை மறைக்கும், கலவாய் மீனும் சிங்கி இறாலும் அதில் மாட்டி யாருக்கும் பயன்படாமல் அழுகும். யாரும் ஆசைப்பட்டு வலையை அறுப்பதில்லை, ஒரு வலை போனால் அடுத்தது கடன் வாங்கித்தான். அதனால் சிறு தொழில்காரரைத் திட்டி எழுதும் பதிவு இல்லை இது. அடிக்கடலை வாரிக்கொண்டு போகும் விசைப்படகு இழுவைமடி வலையை அவரோடு சேர்த்து ஒரே கூடையில் போடவும் எனக்கு மனசில்லை.

அப்புறம் இந்த ஷோகேஸ் ஆசை. சங்கு, பாசிமணி விற்கும் இடத்தில் வெள்ளைவெளேரென்ற பவளக் கிளை இருக்கான்னு கேட்டு நிற்கும் ஆட்களைப் பார்த்தால் எரிச்சலாக வரும். உயிரோடிருக்கும் பவளம் பெரும்பாலும் பழுப்போ மஞ்சளோதான், அந்த வெள்ளை அதன் எலும்பு. அதை விற்பதும் வாங்குவதும் குற்றம், இருந்தும் கேட்பது நிற்கவில்லை.

கன்னியாகுமரிக்குத் தெற்கே எண்ணெய், எரிவாயு தேட ஒன்றிய அரசு கடலை ஒதுக்கியபோது ஊர் ஊராக எதிர்த்தோம், அது சரியான எதிர்ப்பு. அதே குரலில் இன்னொன்றும் கேட்கலாம். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15க்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, சின்னமுட்டத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் மோசமாவதற்குள், சிப்பி முங்கும் ஆட்களுக்கு நல்ல கூலி கொடுத்துப் பார்களில் கிடக்கும் வலைகளை எடுக்கச் சொல்லட்டும். துறைமுகத்திலேயே பழைய வலையை எடை போட்டு வாங்கட்டும்.