படகு பெட்ரோல் வரி எங்கே போகிறது?

"படகுக்காரர்கள் கட்டும் எரிபொருள் வரியில்தான் அமெரிக்காவின் அட்லாண்டிக் உள்கரை நீர்வழி (கிழக்குக் கரையை ஒட்டிச் செல்லும் படகுப் பாதை) தூர்வாரப்படுகிறது, அந்தப் பணத்தை அரசு விழுங்கிவிட்டது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

மோட்டார் படகு பெட்ரோல் மீதான கூட்டாட்சி வரி, விளையாட்டு மீன்வள மீட்பு மற்றும் படகோட்டல் அறக்கட்டளை நிதிக்குப் போகிறது. மீன்வளம், படகுப் பாதுகாப்பு, இறங்குதுறைகள் ஆகியவையே அதன் முக்கியச் செலவுகள். கேலனுக்கு 29 சென்ட் டீசல் வரி வேறு. அதைக் கட்டுவது சரக்குப் படகுகள். அதுவும் நீர்வழிக் கட்டுமானத்துக்கும் பெரும் புனரமைப்புக்கும்தான், தூர்வாரலுக்கு அல்ல.

வழக்கமான தூர்வாரலுக்கு ராணுவப் பொறியாளர் படைக்கு நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்கும் பணம்தான் ஆதாரம். அதில் அதிக டன் சரக்கு செல்லும் நீர்வழிகளுக்கே முன்னுரிமை. உல்லாசப் படகுகள் மிகுந்த இந்த நீர்வழி வரிசையில் பின்னால் நிற்கிறது. வர்ஜீனியாவின் நார்ஃபோக் முதல் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் வரை 12 அடி ஆழம் என்பது ஏட்டுக் கணக்கு. ஜார்ஜியாவின் ஜெகில் ஓடையில் தாழ்நீரில் பாய்மரப் படகின் அடிக்கட்டை சேற்றில் சிக்கியதுண்டு.

ஃபுளோரிடாவில் மட்டும் நிலைமை சற்றுத் தேவலை. 1927-இல் உருவான 'உள்நாட்டு நீர்வழி மாவட்டம்' என்ற அமைப்பு, கிழக்குக் கரையின் 12 கவுண்டிகளில் (மாநிலத்தின் உட்பிரிவுகள்) சொத்து வரி வசூலித்துக் கைகொடுக்கிறது. படகே இல்லாத வீட்டுக்காரரும் அதைக் கட்டுகிறார்!