பாதி ஓட்டு

எங்க வாட்ஸ்அப் குரூப்ல நேத்து நைட்டு திரும்ப அதே சண்டை. "ப்ரைமரில யாருக்கு வேணாலும் போட்டுக்கோங்க, நவம்பர்ல கட்சி யாரை நிறுத்துதோ அவங்களுக்கு வாயை மூடிட்டு போடுங்க, போடாதவன் துரோகி"ன்னு ஒரு அண்ணா எழுதினார். அவரும் நானும் ஒரே கட்சிதான், டெமாக்ரட். அவர் சொன்னதுல பாதி எனக்கும் சம்மதம். அந்த "வாயை மூடிட்டு"தான் எனக்கு தொண்டைல முள்ளு மாதிரி நிக்குது. குரூப்ல டைப் பண்ண ஆரம்பிச்சு நீண்டுகிட்டே போச்சு, அதான் இங்க போடறேன்.

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல வேட்பாளர் பட்டியலை தலைமை அறிவிக்கும், சீட்டு கிடைக்காத கோஷ்டி உள்ளடி வேலை பார்க்கும், பெரும்பாலும் அது நிர்வாகிகளோட முடிஞ்சிரும். அமெரிக்கால வேட்பாளர் யாருன்னு முடிவு பண்றதுக்கே ஒரு தேர்தல் நடக்கும், சாதாரண ஜனங்க வரிசைல நின்னு ஓட்டு போடுவாங்க, அதுதான் ப்ரைமரி. மெயின் தேர்தல் நவம்பர்ல. அதனால தோத்தவரோட வருத்தம் அவரோட நிக்காது, லட்சக்கணக்கான வீட்டுக்குள்ள போய் உக்காந்துக்கும்.

அப்படி ஒரு வீடு மிச்சிகன்ல எங்க அக்கா வீடு, பெரியம்மா பொண்ணு. 2008ல டெமாக்ரட் ப்ரைமரில ஒபாமாவும் ஹிலாரியும் மோதினப்ப அவ ஹிலாரி பக்கம். சும்மா இல்ல, ஆபீஸ் முடிச்சு வந்து சாதம் வச்சிட்டு போன் பேங்க் பண்ணுவா, அதாவது வரிசையா போன் போட்டு ஓட்டு கேப்பா. அந்த வருஷம் மிச்சிகனும் ஃப்ளோரிடாவும் கட்சி விதியை மீறி ப்ரைமரி தேதியை முன்னாடி தள்ளிட்டாங்க. தேதியை தள்ளினது மாநிலத்துல இருக்கற பெரிய தலைங்க, தண்டனை விழுந்தது ஓட்டு போட்டவங்களுக்கு, அந்த ரெண்டு மாநில டெலிகேட்டுங்க (கட்சி மாநாட்டுல வேட்பாளரை தேர்ந்தெடுக்கற பிரதிநிதிங்க) செல்லாதுன்னுட்டாங்க. ஒபாமா விதியை மதிச்சு மிச்சிகன் பேலட்ல இருந்து தன் பேரையே எடுத்துட்டார். அக்கா ஜனவரி குளிர்ல போய் ஹிலாரிக்கு போட்டா.

மே 31, வாஷிங்டன்ல கட்சியோட விதிமுறை கமிட்டி கூடி இதுக்கு ஒரு பஞ்சாயத்து பண்ணுச்சு. டெலிகேட் ஒவ்வொருத்தருக்கும் பாதி ஓட்டு, மிச்சிகன் டெலிகேட்ல ஹிலாரிக்கு 69, ஒபாமாவுக்கு 59. அக்கா டிவி முன்னாடி உக்காந்துகிட்டே எனக்கு போன் பண்ணினா. "பேலட்லயே பேர் இல்லாத ஆளுக்கு 59 பேராம்டா. என் ஓட்டு பாதி ஓட்டாம். நான் என்ன பாதி சிட்டிசனா?" அழுதா. எனக்கு அப்ப ஒபாமா மேல பைத்தியம், "விடுக்கா, எப்படியும் அவர்தானே ஜெயிக்கப் போறார்"னு சொல்லிட்டேன், அதுக்கப்புறம் ஒரு மாசம் அவ என்கிட்ட பேசல. அன்னைக்கு அந்த ஹால்லயே சில பேர் எதிர்க்கட்சியான ரிபப்ளிகன் வேட்பாளர் மெக்கெயினுக்கு போடுவோம்னு கத்தினாங்க. அக்காவும் அதேதான் சொன்னா.

நவம்பர்ல அவ ஒபாமாவுக்குத்தான் போட்டா. அவளை மாத்தினது என் லெக்சர் இல்ல, நான் பேசின ஒவ்வொரு தடவையும் அவ இன்னும் ஒரு அடி தள்ளித்தான் போனா. மாத்தினது ரெண்டு பக்கமும் உடம்பை வளைச்சு பண்ணின வேலை. ஜூன் 7 ஹிலாரி விலகினாங்க, பொம்பளைங்களை மேல ஏற விடாத அந்த கண்ணாடிக் கூரைல 1 கோடியே 80 லட்சம் கீறல் (அவங்களுக்கு விழுந்த ஓட்டு) விழுந்திருக்குன்னு சொன்ன பேச்சு அது, அக்காவுக்கு இன்னைக்கும் மனப்பாடம். ஜூன் 27 ரெண்டு பேரும் சேர்ந்து ஏறின முதல் மேடை நியூ ஹாம்ப்ஷயர்ல யூனிட்டிங்கற குட்டி ஊர்ல, ப்ரைமரில அந்த ஊர்ல ரெண்டு பேருக்கும் சரியா 107, 107 ஓட்டு. ஹிலாரிக்கு இருந்த தேர்தல் கடனை அடைக்க ஒபாமா தன் ஆளுங்ககிட்ட பணம் கேட்டார், சட்டம் அனுமதிச்ச 2,300 டாலரை தானும் கொடுத்தார். டென்வர் மாநாட்டுக்கு முந்தின நாள் மிச்சிகனுக்கும் ஃப்ளோரிடாவுக்கும் முழு ஓட்டை திருப்பிக் கொடுத்தாங்க. கணக்குப்படி அதால எதுவும் மாறாது, ஒபாமா எப்பவோ ஜெயிச்சாச்சு. ஆனா அக்கா போன் பண்ணி "முழுசா குடுத்துட்டாங்கடா"ன்னு சொன்ன குரல் இருக்கே, அது எனக்கு இன்னும் காதுலயே இருக்கு. ரெண்டு நாள் கழிச்சு ஹிலாரி மேடைல தன் ஆளுங்களைப் பார்த்து, நீங்க எனக்காக மட்டுமா இவ்வளவு உழைச்சீங்கன்னு கேட்டாங்க. மறுநாள் அவங்களே மாநாட்டுத் தரைல நின்னு ஒபாமாவையே ஏகமனதா வேட்பாளரா ஏத்துக்கணும்னு முன்மொழிஞ்சாங்க. அந்த வாரக் கடைசில மெக்கெயின் தன் துணை ஜனாதிபதி வேட்பாளரா சாரா பேலினை இறக்கி, அந்தம்மா முதல் கூட்டத்துலயே அதே 1 கோடியே 80 லட்சம் கீறலைப் பத்தி பேச, அக்காவுக்கு வந்துச்சு பாருங்க கோவம், "பொம்பளையா இருந்தா போதும்னு நினைச்சிட்டானா"ன்னு.

இவ்வளவு பண்ணியும் எல்லாரும் வரல. அந்த வருஷம் ஒரே ஆளுங்களை திரும்பத் திரும்ப கேட்டு எடுத்த சர்வேல ஹிலாரிக்கு போட்டவங்கள்ல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் மெக்கெயினுக்கு போட்டதா வந்துச்சு. 2016 ப்ரைமரில ஹிலாரியை எதிர்த்து நின்ன பெர்னி சாண்டர்ஸுக்கு போட்டவங்கள்ல நவம்பர்ல ட்ரம்ப்புக்கு போனது சுமார் 12 சதவீதம். பாதிதான்! ஆனா "துரோகி" பட்டம் இன்னைக்கு வரைக்கும் பெர்னி ஆளுங்களுக்குத்தான். 2008ல செப்டம்பர்ல பேங்க் எல்லாம் சரிஞ்சு விழுந்தது ஒபாமாவுக்கு உதவுச்சு, நான் மறுக்கல, ஜெயிச்சதால யாரும் கணக்கு கேக்கல, அவ்வளவுதான்.

2016ல நான் அக்கா இடத்துல இருந்தேன். நியூ ஜெர்சில ஜூன் 7 ப்ரைமரி, அதுக்கு முந்தின நாள் சாயங்காலமே ஏபி செய்தி நிறுவனம் ஹிலாரிதான் வேட்பாளர்னு அறிவிச்சிருச்சு, அந்த கணக்குல சூப்பர் டெலிகேட்டுங்க (ப்ரைமரி ஓட்டுக்கு கட்டுப்படாத கட்சிப் பெரியவங்க) சொன்ன ஆதரவும் சேர்த்தி. மறுநாள் காலைல எடிசன்ல போய் நின்னு பெர்னிக்கு போட்டேன். எங்க ஊர் பேலட் வேற அப்ப ஒரு தினுசு, கவுன்ட்டி (மாவட்டம் மாதிரி) கட்சி ஆதரிக்கற பேரெல்லாம் ஒரே வரிசைல பளிச்சுனு, மத்தவங்க ஓரமா. (2024ல, அப்ப எம்.பி.யா இருந்த ஆன்டி கிம் கேஸ் போட்டு, டெமாக்ரட் ப்ரைமரில அந்த வரிசை கூடாதுன்னு கோர்ட்டே சொல்ற வரைக்கும் அப்படித்தான்.) ஹிலாரி இங்க பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சாங்க, வரிசை இல்லைன்னாலும் ஜெயிச்சிருப்பாங்க, அதுல எனக்கு சந்தேகமில்ல. ஆனா நியாயமா தோத்தோம்ங்கற நிம்மதியை எங்ககிட்ட இருந்து பறிச்சிட்டாங்க. ஜூலைல கட்சி ஆபீஸ்ல பெர்னிக்கு எதிரா எழுதிக்கிட்ட ஈமெயில் எல்லாம் வெளிய வந்து, மாநாடு ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாள் கட்சித் தலைவி ராஜினாமா. அப்ப எங்களுக்கு கிடைச்ச பதில் என்ன தெரியுமா? "வேற எங்க போயிடுவீங்க?"

நான் எங்கயும் போகல. நவம்பர்ல ஹிலாரிக்கே போட்டேன், அதோட விடாம அக்டோபர் சனிக்கிழமைகள்ல பென்சில்வேனியால லெவிட்டவுனுக்கு கார் ஓட்டிட்டுப் போய் கதவு தட்டினேன். ஒரு வீட்டு வாசல்ல நின்ன கார்ல பெர்னி ஸ்டிக்கர், வெயில்ல நீலம் வெளுத்து ஓரம் சுருண்டு இருந்துச்சு. கதவைத் திறந்த பொண்ணுக்கு இருபத்தி ரெண்டு, இருபத்தி மூணு வயசு இருக்கும், கைல ஈரம், பாத்திரம் கழுவிட்டு இருந்திருக்கா. காலேஜ் செலவுக்கு ஹிலாரி என்ன பண்ணுவாங்கன்னு கேட்டா. ஜூலைலயே ஹிலாரி பெர்னி பக்கமா இறங்கி வந்து, வருஷ வருமானம் 125,000 டாலருக்கு கீழ இருக்கற குடும்பத்துக்கு சொந்த மாநில அரசு காலேஜ்ல ஃபீஸ் இல்லாம பண்றேன்னு அறிவிச்சிருந்தாங்க. எனக்கு அது தெரியும். ஆனா நான் அதை சொல்லல. ட்ரம்ப் வந்தா என்ன ஆகும், சுப்ரீம் கோர்ட் என்ன ஆகும், உன் ஒரு ஓட்டால நாடு போயிடும்னு மூச்சு விடாம பயமுறுத்தினேன். அவ முழுசா கேட்டுட்டு, தேங்க்ஸ் சொல்லி, மெதுவா கதவை சாத்தினா. கேட்ட கேள்விக்கு பதில் சொல்லாம வந்துட்டோமேன்னு கார்ல உக்காந்தப்புறம்தான் உறைச்சுது. திரும்பிப் போய் தட்டியிருக்கணும்.

பென்சில்வேனியா 44,292 ஓட்டு வித்தியாசத்துல ட்ரம்ப்புக்கு போச்சு. மிச்சிகன் 10,704ல. அந்த மிச்சிகன்ல மூணாவதா நின்ன கிரீன் கட்சி ஜில் ஸ்டைனுக்கு விழுந்தது 51,463. மார்ச் மாச ப்ரைமரில எல்லா சர்வேயையும் பொய்யாக்கி பெர்னி ஜெயிச்ச மாநிலம் அது, அதே மாதிரி பெர்னி ஜெயிச்ச விஸ்கான்சினுக்கு ஹிலாரி பொதுத்தேர்தல் சமயத்துல ஒரு தடவை கூட போகல. கோவமா இருக்கற வீட்டுக்கு நாம போக மாட்டோம், அவங்க மட்டும் நம்ம வீடு தேடி வரணுமா?

2024ல திரும்ப மிச்சிகன். பிப்ரவரி ப்ரைமரில காஸா போருக்காக பைடன் மேல இருந்த கோவத்துல 1 லட்சத்துக்கு மேல பேர், யாருக்கும் ஆதரவு இல்லைங்கற அர்த்தத்துல "அன்கமிட்டட்"னு போட்டாங்க. கோவத்தை எங்க காட்டணுமோ அங்க, பேலட்லயே, முறைப்படி காட்டினாங்க. ஆகஸ்ட்ல சிகாகோ மாநாட்டு மேடைல ஒரு பாலஸ்தீன அமெரிக்கருக்கு ரெண்டு நிமிஷம் பேச இடம் கேட்டாங்க. கிடைக்கல. ராத்திரி முழுக்க அரங்குக்கு வெளிய உக்காந்திருந்தாங்க. நவம்பர்ல மிச்சிகன் சுமார் 80,000 ஓட்டுல போச்சு, அரபு அமெரிக்கர்கள் நிறைய இருக்கற டியர்பர்ன்ல ட்ரம்ப் முதலிடம். அதனாலதான் தோத்தோம்னு நான் சொல்லல, விலைவாசி இருக்கு, ஜூலைல வேட்பாளரே மாறினது இருக்கு. ஆனா 2008ல அக்காவுக்கு அந்த பாதி ஓட்டை முழுசாக்கிக் கொடுத்த அதே கட்சிக்கு, அந்த ரெண்டு நிமிஷத்தைக் கொடுக்க மனசு வரல. அக்கா பக்கத்து வீட்டு லெபனான் அம்மா கடைசில ஜனாதிபதி இடத்தை காலியா விட்டுட்டு மத்ததுக்கெல்லாம் போட்டுட்டு வந்தாங்களாம். அக்கா அவங்களை ஒரு வார்த்தை சொல்லல. "பாதி ஓட்டு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்டா"ன்னா.

இப்ப குரூப் அண்ணாவுக்கு வரேன். அவர் குயின்ஸ்ல இருக்கார். 2025 ஜூன்ல நியூயார்க் மேயர் ப்ரைமரில மம்தானி ஜெயிச்சார், தோத்த முன்னாள் கவர்னர் குவோமோ சுயேச்சையா நின்னார், கட்சில இருந்த பெரிய ஆளுங்க சிலர் கடைசி வரைக்கும் வாயே திறக்கல. அண்ணா நவம்பர்ல குவோமோவுக்கு போட்டார். "இந்த தடவை எனக்கு மனசு வரலைப்பா"ன்னு எங்ககிட்ட அவரே சொன்னார். அன்னைக்கு யாரும் அவரை துரோகின்னு சொல்லல, நானும் சொல்லல, அவருக்குன்னு ஒரு காரணம் இருந்துச்சு, உக்காந்து கேட்டேன். நேத்து நைட்டு குரூப்ல நான் எழுதினது இது ஒண்ணுதான்: அண்ணா, அன்னைக்கு உங்களுக்கு மனசு வராதப்ப, யார் வந்து என்ன சொல்லியிருந்தா வந்திருக்கும்?

"டைப்பிங்"னு ரொம்ப நேரம் காட்டுச்சு, நின்னுருச்சு. அப்புறம் போன் பண்ணினார். முக்கால் மணி நேரம் பேசினோம், அவரும் மாறல, நானும் மாறல. காலைல பார்த்தா அந்த "துரோகி" மெசேஜை எடுத்துட்டார்.