பாண் ஓட்டோவுக்கும் ஒரு ட்றாக் ஒதுக்குங்கோ

எட்டு பார். வீட்டு அறையில பாட்டு றெக்கோர்ட் பண்ணுறம், முடிய இன்னும் எட்டே எட்டு பார், எட்டுத் தாளவட்டம்தான் இருந்தது. கடைசிக் கோரஸ், தொண்டை கிழியிற இடம். ஃபேனை நிப்பாட்டி அரை மணித்தியாலம். ஜன்னல் பூட்டு. கதவடியில சாரத்தைச் சுருட்டிச் செருகியாச்சு. பாடுறவர் வேர்வையில ஊறிப்போய் நிக்கிறார், குரலும் அண்டைக்கெண்டு வாய்ச்சிருக்கு. அந்த நேரம் பாத்து ஒழுங்கை முடக்கில கேக்குது: டிடி டிடி டீ...

பாண் ஓட்டோ. பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையா பாணும் பணிஸும் விக்க வாற ஓட்டோ.

பீத்தோவன் ஐயா 1810இல 'ஃபியூர் எலீஸ்' எண்ட அந்த மெட்டை எழுதேக்க, ஒருநாள் அது யாழ்ப்பாணத்தில பணிஸ் விக்கும் எண்டு கனவிலயும் நினைச்சிருக்க மாட்டார். போகட்டும், பத்து செக்கனில போயிடும் எண்டு மூச்சை அடக்கிக்கொண்டு நிண்டா, அடுத்த வீட்டுப் படலையில நிக்குது ஓட்டோ. ஓட்டோதான் நிண்டது, பாட்டு நிக்கேல்லை. அவ ஒரு றாத்தல் பாண் கேக்கிறா. பிறகு பணிஸ். பிறகு அது நேற்றையானோ எண்டு விசாரணை. பிறகு காசெடுக்க உள்ள போறா. பிறகு சில்லறை இல்லை. இவ்வளவுக்கும் பின்னால ஈ, டி ஷார்ப், ஈ, டி ஷார்ப் எண்டு அந்த ரெண்டு சுரமும் ஓடிக்கொண்டே இருக்கு. எங்கட பாட்டு ஈ மைனர் ஸ்கேல், தாளம் நாலுக்கு நாலு. அவற்றை மூண்டுக்கு எட்டு. ஈ வந்து பொருந்திற மாதிரிப் பொருந்தி, அடுத்த கணம் டி ஷார்ப் வந்து எங்கட டியில முட்டும். முழுக்கப் பிழைச்சிருந்தாலும் மனம் ஆறியிருக்கும்.

இதைக் கேட்ட உடன ஞானம் சொல்ல ஒரு கூட்டம் வரும். "எடிட்டில எடுக்கலாம்தானே?" எடுங்கோ பாப்பம்! நொய்ஸ் றிடக்‌ஷன் ஃபேன் இரைச்சல் மாதிரி மாறாமல் நிக்கிற சத்தத்தைத்தான் படிச்சுக் கழிக்கும். இது மெட்டு, நொடிக்கு நொடி மாறும். அந்த ஈ 659 ஹேர்ட்ஸ், குரலின்ரை நடு மடியில குந்தியிருக்கு. 80 ஹேர்ட்ஸில ஹை பாஸ், அதாவது அதுக்குக் கீழ உள்ளதை வெட்டுற ஃபில்ரர் போட்டா லொறி உறுமல் போகும், பணிஸ்காரன் போகமாட்டான்.

அடுத்தது சுவரில முட்டைத் தட்டு ஒட்டச் சொல்லுற கோஷ்டி. ஐயா, முட்டைத் தட்டு சத்தத்தை மறிக்காது. அறைக்குள்ள எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அதுவும் மேல் சுரங்களில மட்டும். வெளிச் சத்தத்தை மறிக்கப் பாரம் வேணும், காத்துப் போற ஓட்டை இருக்கக்கூடாது. எங்கட பழைய ஓட்டு வீடுகளில சுவருக்கும் கூரைக்கும் நடுவில கை போகும். அதுக்குக் கீழ நிண்டு தட்டு ஒட்டுறது, கூரை இல்லாத வீட்டுக்குக் கதவு பூட்டுற வேலை.

பிறகு யூரியூப்பைப் பாத்துக் சின்னச் சத்தத்தையும் பிடிக்கிற கண்டென்சர் மைக் வாங்கிற விசர். மேடையில பாடுற டைனமிக் மைக் வெளிச் சத்தத்தைக் கேக்காது எண்டும் ஒரு கதை உலாவுது. அதுவும் கேக்கும். ஆனா அதில வாயை ஒட்டிப் பாடுறம், கெயினை, அதாவது மைக் சத்தத்தைக் கூட்டுற அளவைக் குறைக்கிறம், விசயம் அவ்வளவுதான். மைக்குக்கு 30 சென்ரிமீற்றரில நிண்டவர் ஏழரைச் சென்ரிமீற்றருக்கு வந்தா குரல் 12 டெசிபெல் கூடும், ஓட்டோ அப்பிடியே நிக்கும். கிட்ட வாறதால அடிக்குரல் வீங்கும், 200 ஹேர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் வெட்டினாச் சரி. கார்டியோயிட் மைக்குக்கு முதுகுப்பக்கம் காது இல்லை. ஆகவே பாடுறவர் ஜன்னலைப் பாத்து நிக்கவேணும், அப்பதான் மைக்கின்ரை முதுகு ஒழுங்கையைப் பாக்கும். அவருக்குப் பின்னால கட்டில் மெத்தையை நிமித்தி வையுங்கோ, இல்லாட்டி சுவரில பட்டு பீத்தோவன் திரும்பி வருவார்.

கிற்றாரும் பேஸ் கிற்றாரும் நேர இன்ரர்ஃபேஸில, லப்ரொப்போட இணைக்கிற பெட்டியில குத்தினா ஓட்டோ தொடாது. அதில வேற சனியன். எர்த் இல்லாத ரெண்டு பின் அடப்ரர் போட்டு 50 ஹேர்ட்ஸ் உறுமல். அதை வெட்டினா பேஸின்ரை ஜீ சுரமும் சேர்ந்து போகும், அது 49 ஹேர்ட்ஸ். லப்ரொப் சார்ஜரைக் கழட்டிப் பாருங்கோ, பாதி உறுமல் அதாலதான்.

ஓம், அந்த எட்டு பாரை மட்டும் பஞ்ச் இன் பண்ணலாம், அதாவது அந்த இடத்தை மட்டும் திரும்பப் பாடி ஒட்டலாம். பண்ணினது. பழைய குரல் கிழிஞ்சு நிக்குது, புதுக்குரல் தண்ணி குடிச்சிட்டு வந்து நிக்குது. ஒட்டின இடம் ஊருக்கே தெரியும். மூண்டாந்தரம் றெக்கோர்ட் அமத்தக் கோயில் ஸ்பீக்கர் தொடங்கிச்சு.

ஃபேனைப் போட்டு, படலையைத் திறந்து, திரும்பி வந்த அதே ஓட்டோவில நாலு மீன் பணிஸ் வாங்கினதுதான் மிச்சம். மீன் பணிஸாம்! பிச்சுப் பாருங்கோ. கிழங்கு, வெங்காயம், திரும்பவும் கிழங்கு. மீன் எங்கயடாப்பா?