அது மொட்டை மலை இல்லை

நீலகிரி உச்சியில் மரம் நடும் அந்த வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்தேன். "மொட்டை மலையைப் பசுமையாக்குகிறோம்" என்கிறார்கள். அது மொட்டை மலை இல்லை. புல்வெளி. வரையாடு மேய்கிற புல்வெளி.

அந்தப் புல் நேற்று முளைத்ததும் இல்லை. நீலகிரிச் சதுப்பு மண்ணில் தங்கியிருக்கும் கார்பனை வைத்து சூழலியலாளர் சுகுமார் குழுவினர் 1993-லேயே எழுதிவிட்டார்கள். சுமார் 20,000 வருடத்துக்கு முன்னால், பனியுகக் குளிரில் பருவமழை நலிந்து காடு சுருங்கியது, புல் பரவியது. வரையாட்டுக்கும் அன்று இடம் தாராளமாக இருந்திருக்கும். பிறகு சூடும் மழையும் கூடக் கூட, சோலைக்காடு மேலேறி வந்தது. உறைபனி மரக்கன்றைக் கருக்கும் உச்சிகளில் புல் தங்கியது, ஆடும் அங்கேயே தங்கியது. மிச்சமிருக்கும் அந்த இடத்தில்தான் இன்று குழி தோண்டுகிறார்கள்.

ஏழாவது படிக்கும்போது எங்களையும் வரிசையாகக் கூட்டிப்போய்ச் சீகை நாற்று நட வைத்தார்கள். சீகை என்றால் சீகைக்காய் இல்லை, வாட்டில் என்கிற வெளிநாட்டு மரம். ஆளுக்கு இரண்டு. நான் ஆசைப்பட்டு நாலு நட்டேன். அந்தச் சரிவின் அடியில் ஒரு சதுப்பு இருந்தது. காலை வைத்தால் முழங்கால் வரை கறுப்புச் சேறு ஏறும், எலும்பு வரை குளிரும். சதுப்பு வற்றிப்போய், இப்போது அங்கே செருப்போடு நடக்கலாம். சீகைக்கு அடியில் ஒரு கொத்துப் புல் இல்லை.

இதையெல்லாம் சொன்னால் என்னைத் திருப்பிக் கேட்கிறார்கள். "டீ எஸ்டேட் போட்டபோது எங்கே போனாய்?" நான் அப்போது பிறக்கவே இல்லை.

"மரம்தானே கார்பனைப் பிடிக்கும்?" புல் மண்ணுக்குள் பிடித்து வைக்கிறது. அந்தக் கறுப்புச் சேறு வேறென்ன?

"நீ மரத்துக்கு எதிரியா?" இதுதான் வலிக்கிறது. இதைக் கேட்டது என்னோடு சோலைக்குள் அட்டைக் கடி வாங்கி நடந்தவர். சோலை வெட்டுப்பட்டபோது முதலில் கத்தியது யார் என்று அவருக்குத் தெரியும். மரம் வளர வேண்டிய இடத்தில் மரம் வளரட்டும் என்றுதான் இத்தனை வருடமாகச் சொல்கிறேன். தெரிந்தவரே இப்படிக் கேட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகள். நம் மாநில விலங்கு. கீழே சூடு ஏறினால் மேலே போகலாம், உச்சிக்கும் மேலே அதற்கு எங்கே போக்கிடம்?

ஞாயிற்றுக்கிழமை மறுபடி நடப்போகிறார்களாம். சரி, போகிறவர்கள் போங்கள். குழியில் கறுப்பு மண் வந்தால் மட்டும், கன்றை வைக்காமல் மூடிவிட்டு வாருங்கள்.